மூவர் இசையும் ஒரு குரலும்

ஒரு பாட்டைக் கேட்டு உவந்தவர் அடுத்த கணத்திலே கேட்கின்ற கேள்வி ஒன்றுண்டு. 'இதைப் பாடியவர் யார்?' என்பதே அது. இசையமைத்தவர் யார், வாத்தியம் வாசித்தவர் யார் என்பனவெல்லாம் அதன் பின்னரே வரும். ஒலிப்பதிவு செய்தவர் யாரென்று கேட்பவர் ஆயிரத்தில் ஒருவர். மனிதக் குரலுக்கு நாம் கொடுக்கும் முதன்மை அத்தகையது. ஆயினும், 1989ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்திலே பிரித்தானியா முழுவதும் ஒலித்த ஓர் இசைத்தட்டைப் பற்றி இக்கேள்வியைக் கேட்டவர்களுக்குக் கிடைத்த விடை பிழையானது. அறியாமையால் நேர்ந்த பிழையன்று; அறிந்தே சொன்ன பிழை. அந்தத் தட்டை ஆக்கியவர்கள் இத்தாலியர் மூவர். அம்மூவரும் எத்தகைய இசைப் பயிற்சியோடு வந்தவர்கள், அப்பயிற்சி தட்டிலே எவ்வாறு புலப்படுகின்றது, தம்மிடம் இல்லாதிருந்த ஒன்றை அவர்கள் எங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பவற்றை இன்று நேயர்களோடு ஆராயலாமென எண்ணுகிறேன்.

தட்டின் பெயர் 'ரைட் ஒன் டைம்'. வெளியிட்ட குழுவின் பெயர் 'பிளாக் பொக்ஸ்', அதாவது கரும்பெட்டி. 1989 செப்டெம்பரிலே பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்த அப்பாட்டு ஆறு வாரம் அவ்விடத்தை விட்டு அசையவில்லை. அந்த ஆண்டிலே அந்நாட்டில் மிகுதியாக விலைபோன ஒற்றைப் பாட்டுத் தட்டும் அதுவேயாம். 'டொப் ஒவ் த பொப்ஸ்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே நெடிய உருவமும் எடுப்பான தோற்றமும் உடைய பெண்ணொருவர் அப்பாட்டுக்கு வாயசைத்து ஆடினார். அவர் பெயர் கத்ரின் கினோல். மேற்கிந்தியத் தீவுகளுள் பிரான்சுக்கு உரியதான குவாதலூப்பிற் பிறந்தவர். ஆடை அணிகளை அணிந்து காட்டும் மொடற் தொழில் செய்தவர். பார்த்தவர்கள் அவரே பாடினார் என்று கொண்டார்கள். அவர் பாடவில்லை.

பாட்டை ஆக்கியோர் வட இத்தாலியிலே ரெஜியோ எமிலியா என்னும் நகரைச் சார்ந்து தொழில் செய்த வலேரியோ செம்பிளிச்சி, மிர்க்கோ லிமோனி, டானியேலே டாவோலி என்னும் மூவராவர். செம்பிளிச்சி கிளாரினெட் வாத்தியத்தைச் சாத்திரீய முறையிலே பயின்று, அதைப் பிறருக்குக் கற்பித்த ஆசிரியர். லிமோனி சிந்தசைசர் முதலான மின்னணு விசைப்பலகை வாத்தியங்களிலே வல்லவர். டாவோலியோ நடனக்கூடத்தில் இசைத்தட்டுச் சுழற்றுபவர்; 'டீ.ஜே.' என்று இக்காலத்தார் அழைக்கும் தொழிலினர். ஒருவர் பள்ளியிலிருந்து வந்தவர், ஒருவர் கருவியறையிலிருந்து வந்தவர், ஒருவர் கூத்து மண்டபத்திலிருந்து வந்தவர் என்று சொல்லிவிடலாம். இம்மூவரும் தயாரிப்பாளர் என்ற முறையிலே தமக்கு இட்டுக்கொண்ட கூட்டுப்பெயர் 'குரூவ் குரூவ் மெலடி' என்பது.

இங்கே 'குழு' என்ற சொல்லை நாம் வழக்கமான பொருளிற் கொள்ளலாகாது. மேடையேறி வாசிக்கும் குழுவன்று இது. அதே 1989இல் இம்மூவர் 'ஸ்டார்லைட்' என்ற பெயரிலே ஒரு தட்டும், 'மிக்ஸ்மாஸ்டர்' என்ற பெயரிலே வேறொரு தட்டும் வெளியிட்டனர். அவையும் பிரித்தானியப் பட்டியலில் முதற் பத்து இடங்களுக்குள் ஏறின. வாங்கியவர்கள் மூன்று குழுக்களின் தட்டுக்களை வாங்கியதாகவே எண்ணியிருப்பார்கள். பெயர் என்பது அவர்களுக்குத் தட்டின் உறை போன்றது. வேண்டியபோது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். இந்த மனப்பான்மையை நேயர்கள் நினைவிற் கொள்க. பின்னர் நாம் இதற்குத் திரும்பி வருவோம்.

முதலில் ஊரைப் பார்ப்போம். ரிமினிக் கடற்கரையில் தொடங்கிப் பியாச்சென்சா வரைக்கும் நேர்கோடாகச் செல்கின்ற உரோமர் காலத்துப் பெருந்தெரு ஒன்றுண்டு. கிறித்துவுக்கு முன் 187இல் அமைந்த அத்தெருவின் பெயராலேயே அந்நாட்டுப் பகுதி எமிலியா எனப்படுகின்றது. அத்தெருவிலே பார்மாவுக்கும் மொடேனாவுக்கும் இடையில் இருப்பது ரெஜியோ. பாலாடைக்கட்டியாற் புகழ்பெற்ற ஊர் என்றே பலர் அதனை அறிவர். ஆயினும் இசையன்பருக்கு அந்தப் பகுதி வேறொரு வகையிற் புண்ணிய பூமி. ஒபரா எனப்படும் இசைநாடகத்தின் பேராசான் வெர்டி 1813இல் பிறந்தது பார்மாவை அடுத்த புசெற்றோ ஊரின் அருகேயாம். உலகறிந்த பாடகர் பவறொற்றி மொடேனாவிலே பிறந்து, 1961இல் முதன்முதலாக முழு இசைநாடகம் ஒன்றிலே பாத்திரமேற்றுப் பாடியது ரெஜியோ எமிலியாவின் நகர நாடக மண்டபத்திலேயே. அவ்வூர்களிலே ஒபரா என்பது செல்வர் மட்டும் நுகரும் கலையாக இருந்ததில்லை. கடைக்காரரும் கமக்காரரும் மண்டபத்தின் மேன்மாடத்திலிருந்து பாடகரின் பிழையைக் கூவிக் கண்டிப்பது அங்கே பழைய வழக்கம்.

அதே தெருவின் மறுமுனை ரிமினி. அங்கும் அதையடுத்த ரிச்சியோனேயிலும் கோடைகாலத்திலே கடலாடவரும் இளைஞருக்காக நடனக்கூடங்கள் பல எழுந்தன. 1970களின் நடுப்பகுதியிலிருந்தே அமெரிக்க நடனத் தட்டுக்கள் அக்கூடங்களிலே சுழன்றன. சற்று வடக்கே கார்டா ஏரிக்கரையிலே 'கொஸ்மிக்' என்னும் கூடம் 1979இல் திறக்கப்பட்டது. அங்கே டானியேலே பால்டெல்லி என்பவர், இனமும் வேகமும் மொழியும் வெவ்வேறான தட்டுக்களைத் தையல் தெரியாமல் ஒன்றோடொன்று இணைத்து இயக்கிப் பெயர்பெற்றார். இத்தாலியர் வாத்தியப் பெட்டிகளால் நடன இசை படைப்பதிலும் பின்தங்கியவரல்லர். 1977இல் டொனா சமர் பாடிய ஒரு பாட்டுக்குப் பாட்டணி முழுவதையும் பெரும்பாலும் சிந்தசைசரிலேயே அமைத்து உலகத்தாரை வியக்கவைத்த ஜோர்ஜியோ மொரொடர், இத்தாலியின் வடமலைப் பகுதியிலே பிறந்தவர்தாம். ஆகவே 1980களிலே எமிலியாவில் வளர்ந்த ஓர் இளைஞனின் ஒரு செவியில் வெர்டியும் மறு செவியில் மொரொடரும் ஒலித்ததில் வியப்பில்லை.

இனிச் செம்பிளிச்சியின் வாத்தியத்தைக் கவனிப்போம். கிளாரினெட் ஏறத்தாழ 1700ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் நூரன்பேர்க் நகரில் டென்னர் என்னும் வாத்தியத் தச்சரின் பட்டறையிலே உருவானது. நாகசுரத்துக்கு இரட்டைச் சீவாளி. கிளாரினெட்டுக்கோ ஒற்றைச் சீவாளி. இத்தாலியச் சிற்றூர்களிலே நகரசபைகளின் ஆதரவில் இயங்கும் காற்றுவாத்தியக் குழுக்கள் பல. அவற்றிலே, பெரிய இசைக்குழுவில் வயலின்கள் செய்யும் வேலையைக் கிளாரினெட்டுக்களே செய்கின்றன. மெட்டைத் தாங்குவதும் அவை, உள்ளிழைகளை நிரப்புவதும் அவை.

இந்த வாத்தியத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. பொதுவாக வழங்கும் வகையிலே, தாளில் 'சி' என்று எழுதப்பட்ட சுரத்தை வாசித்தால் வெளிப்படுவது அதற்கு ஒரு முழுச்சுரம் கீழான ஒலி. எனவே கிளாரினெட் கற்பவன் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை நாள்தோறும் மனத்திலே கணக்கிட்டுக்கொண்டிருப்பான். கற்பிப்பவரோ பத்து மாணவரின் பத்து வகைப் பிசகுகளையும் கேட்டு, எவன் சுருதியிலிருந்து எவ்வளவு விலகினான், எவன் மூச்சை எங்கே முறித்தான் என்று உடனுக்குடன் பிரித்தறிபவர். சுருதி பெயர்ப்பதும், சொற்றொடரின் மூச்சை அளப்பதும் அவருக்குக் கைவந்த தொழில். நடனக்கூடத்துத் தட்டுக்கு இது எதற்கு உதவும் என்று சிலர் நகைக்கக்கூடும். சிறிது பொறுத்தருள்க.

லிமோனியின் துறை வேறு. 1983ஆம் ஆண்டு மின்வாத்திய உலகிலே ஒரு திருப்பம். வெவ்வேறு கம்பனிகள் செய்த வாத்தியங்கள் ஒன்றோடொன்று கட்டளை பரிமாறிக்கொள்ளத்தக்க 'மிடி' என்னும் பொது ஏற்பாடு அவ்வாண்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாக, ஒரே விசைப்பலகையின் முன் அமர்ந்த ஒருவர் தாளப்பெட்டியையும் அடித்தந்தி ஒலியையும் பியானோ ஒலியையும் கணனியின் உதவியோடு ஒருங்கே நடத்த முடிந்தது. இருபது பேர் வாசிக்கவேண்டிய இசையை ஒருவர் ஓர் அறையிலே அமைக்கலாம். ஆனால், செய்யலாம் என்பதும் செய்யத் தெரியும் என்பதும் ஒன்றல்லவே. ஒவ்வோர் ஒலியையும் எந்த அளவு கூர்மையாக்குவது, எதை முன்னே நிறுத்துவது, எதைப் பின்னே தள்ளுவது என்பன புதிய கலையாயின. இக்கலையே லிமோனி கொண்டுவந்த முதல்.

இத்தாலிய ஹவுஸ் இசைக்கு அடையாளமாக எவரும் முதலிற் சொல்வது பியானோவையேயாம். இரு கைகளாலும் சுரக்கட்டுக்களை ஓங்கி அடித்து, தாளத்தின் அடிமேல் விழாமல் அடிகளுக்கிடையே துள்ளிவிழச் செய்வது அந்த நடை. அமெரிக்க முன்னோடிகளின் தட்டுக்களிலும் பியானோ உண்டு. ஆயினும் இத்தாலியர் அதைத் திருவிழா வெளிச்சம்போலப் பளிச்சிட வைத்தனர். துக்கத்தைச் சொல்லும் சுரக்கட்டைக்கூடக் களிப்போடு அடிக்கும் அப்பழக்கம் அந்தப் பகுதியின் ஒபரா மரபிலிருந்து வந்ததென்று நான் கருதுவதுண்டு. நிறுவ முடியாத கருத்து. கேட்டுப்பார்த்தால் நேயர்களும் உடன்படுவார்கள்.

மூன்றாமவர் டாவோலி. தட்டுச் சுழற்றுவதையும் ஓர் இசைப் பயிற்சியென்று சொல்லலாமா என்ற ஐயம் எழுவது இயல்பே. பிறர் பாடிய தட்டைப் பெட்டியில் வைத்து இயக்குவதற்கு என்ன பயிற்சி? இந்த ஐயத்தைத் தெளிவிப்பதற்கு ஹவுஸ் இசையின் பிறப்பைச் சிறிது சொல்லவேண்டும்.

அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே 1977இல் 'வெயர்ஹவுஸ்' என்னும் நடனக்கூடம் திறக்கப்பட்டது. பண்டசாலை என்பது அப்பெயரின் பொருள். அங்கே தட்டுச் சுழற்றியவர் நியூயோர்க்கிலிருந்து வந்த பிராங்கி நக்கிள்ஸ் என்னும் கறுப்பினத்தவர். பழைய டிஸ்கோப் பாட்டுக்களின் விருப்பமான பகுதிகளை நீட்டியும் வெட்டியும், பின்னர் தாளப்பெட்டியின் ஒலியை அவற்றின் அடியிலே சேர்த்தும் அவர் இயக்கினார். அந்தக் கூடத்தின் பெயர் சுருங்கியே 'ஹவுஸ்' ஆயிற்று என்பர். 1980களின் நடுப்பகுதிக்குள் அந்நகரத்து இளைஞர் யப்பானிய ரோலண்ட் கம்பனியின் தாளப்பெட்டிகளை மலிவாக வாங்கித் தாமே தட்டுக்கள் ஆக்கத் தொடங்கினர். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி. ஒவ்வோர் அடியிலும் பெருமுரசின் ஒலி. அடிகளின் நடுவே கைத்தாளம் போன்ற கீச்சொலி. இதுவே அவ்விசையின் எலும்புக்கூடு.

அந்தக் கூடத்திலே நிற்பவரின் தொழில் யாது? அவர் முன்னே இரண்டு தட்டுச்சுழலிகள். அக்காலத்துக் கூடங்களிற் பெரிதும் வழங்கிய டெக்னிக்ஸ் சுழலியிலே வேகத்தை நூற்றுக்கு எட்டு வீதம் கூட்டவும் குறைக்கவும் ஒரு தள்ளுக்கோல் இருந்தது. நிமிடத்துக்கு 120 அடியுள்ள தட்டை 110 முதல் 130 வரை ஓட்டலாமென்று கொள்க. ஒரு தட்டு மண்டபத்தில் ஒலிக்க, மற்றதை ஒரு காதிலே மட்டும் கேட்டு, இரண்டின் அடிகளும் மயிரிழை பிசகாமற் பொருந்தும்வரை நகர்த்தி, ஆடுவோர் கால் தடுமாறாத வண்ணம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறவேண்டும். இரண்டு செவிகளும் இரண்டு வேறு காலங்களிலே வாழும் தொழில் அது. அதோடு, எந்தக் கணத்திலே கூட்டம் துள்ளும், எந்த இடத்திலே அது தண்ணீர் தேடிப் போய்விடும் என்பதை ஒவ்வோரிரவும் நேரிற் கண்டறிகின்ற பரீட்சையும் உண்டு. கல்லூரிப் பரீட்சையிலே தோற்றவனுக்கு அடுத்த ஆண்டு உண்டு. வெறுமையான நடனத் தளத்தின் முன் நிற்பவனுக்கு அடுத்த மூன்று நிமிடமே உண்டு. டாவோலியின் கல்லூரி இதுவாகும்.

இனி மூன்று பயிற்சிகளும் ஒரு தட்டிலே சேர்ந்தவாற்றைக் காண்போம்.

நியூயோர்க்கின் சல்சூல் கம்பனி 1980இல் வெளியிட்ட 'லவ் சென்சேஷன்' என்னும் பாட்டை டான் ஹாட்மன் இயற்றித் தயாரித்தார். லொலியாற்றா ஹொலோவே பாடினார். அப்பாட்டின் குரலை மட்டும், வாத்தியங்கள் எவையுமின்றித் தனியே பதித்த வடிவமும் தட்டிலே கிடைத்தது. தட்டுச் சுழற்றுவோர் அத்தகைய தனிக்குரற் பதிவுகளைப் பொன்போற் போற்றுவர். எந்தத் தாளத்தின்மேலும் அவற்றை ஏற்றலாமல்லவா? அக்குரலைத் தெரிந்தெடுத்தது தட்டுச் சுழற்றுவோர் செவி. முழுப் பாட்டும் வேண்டியதில்லை, கூட்டத்தைத் துள்ளவைக்கும் நாலைந்து கூவல்களே போதுமென்று கண்டதும் அச்செவியே.

குரலைத் துண்டுகளாக்கியது 'சாம்பிளர்' என்னும் கருவி. ஒலியின் ஒரு கீற்றை எண்களாக மாற்றி உள்ளே அடக்கி, விசையை அழுத்தும்போதெல்லாம் அதைத் திரும்பவும் ஒலிப்பிப்பது அக்கருவி. அக்காலத்துச் சாம்பிளர்களின் ஞாபகம் சிறிது. பெயர்பெற்ற ஒரு வகையிலே, நல்ல தரத்தில் அடக்கினால் ஏறத்தாழப் பன்னிரண்டு செக்கன் ஒலியே கொள்ளும். ஆகவே எதை எடுப்பது, எதை விடுவது என்பதிலே கஞ்சனின் கணக்கு வேண்டும்.

இங்கேதான் கிளாரினெட் ஆசிரியரின் செவி உள்ளே வருகின்றது என்பது என் கருத்து. அத்தகைய கருவியிலோ சுழலியிலோ குரலை விரைவுபடுத்தினால் சுருதியும் உயரும். வேகம் நூற்றுக்கு ஆறு வீதம் கூடினால் சுருதி ஏறத்தாழ ஓர் அரைச்சுரம் ஏறும். தாளத்துக்குப் பொருந்தச் செய்த குரல் பியானோவுக்குப் பொருந்தாமற் போகலாம். பொருந்தினாலும் வேறொரு வினா எஞ்சும். துணைவாத்தியம் இல்லாத அக்குரலின் அடியிலே எந்தச் சுரக்கட்டை வைப்பது? மூலப்பாட்டின் சுரக்கட்டுக்களையே வைத்தால் அது பழைய பாட்டின் நகலாகும். வேறு வைத்தால், பாடகி அன்று மனத்திலே கொண்டிராத ஒரு பொருளை அக்குரல் இன்று சொல்லத் தொடங்கும். சுருதி பெயர்த்துப் பழகியவரும், ஒரு சொற்றொடர் எங்கே மூச்சு வாங்குகிறதென்று அறிந்தவருமே இதனைத் துணிந்து செய்யவல்லர். கேட்டுப் பார்க்கும் நேயர்களுக்கு அக்குரலும் அந்தப் பியானோவும் பிறவியிலேயே ஒட்டியவை என்றே தோன்றும். ஒன்பது ஆண்டு இடைவெளியும் ஓர் அத்திலாந்திக் சமுத்திரமும் நடுவே கிடப்பதை யாரும் உணரார்.

பெயரைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். மூலப்பாட்டிலே ஹொலோவே பாடியது 'சரியாக' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். ஆங்கிலம் அதிகம் பழகாத டாவோலியின் காதிலே அது 'சவாரி செய்' என்று பொருள்படும் சொல்லாக விழுந்தது. அவ்வாறு கேட்டதே தட்டின் பெயராயிற்று. ஆங்கிலேயர் இதைக் கண்டு நகைத்தனர். தமிழெழுத்தில் எழுதுகின்ற நமக்கோ நகைக்க இடமில்லை. இரண்டையும் நாம் 'ரைட்' என்றே எழுதுகிறோம்.

இதுவரை சொன்னவை மூவரின் பெருமை. எஞ்சியது குரலின் கதை. லொலியாற்றா ஹொலோவே 1946இல் சிக்காகோவிலே பிறந்தவர். ஹவுஸ் இசை பிறந்த ஊரும் அதுவே என்பதை நேயர்கள் கவனிக்க. கறுப்பின மக்களின் தேவாலயங்களிலே ஆவேசத்தோடு பாடப்படும் கொஸ்பெல் இசையே அவருடைய பள்ளி. தாயாரின் பாடற்குழுவிற் பாடினார். பின்னர் 'கரவன்ஸ்' என்னும் புகழ்பெற்ற கொஸ்பெல் குழுவிலும் பாடினார். 'லவ் சென்சேஷன்' பாட்டை ஹாட்மன் அவரைக்கொண்டு இரண்டு நாட்களிலே ஏறத்தாழ முப்பது முறை பாடுவித்தார் என்றும், தொண்டை அடைத்தபோது நெஞ்சிலே பூசும் தைலத்தைக் கோப்பியிலே கலந்து குடித்துப் பாடினார் என்றும் அவர் கூற்றாக வழங்குகின்றது. அந்தத் தொண்டையின் உழைப்பே ஒன்பது ஆண்டு கழித்து ஐரோப்பிய நடனக்கூடங்களை அதிரவைத்தது. ஆனால் தட்டின் உறையிலே அவர் பெயர் பாடகியாகக் காணப்படவில்லை. தொலைக்காட்சியிலே அவர் முகம் காணப்படவில்லை. வேறொரு பெண்ணின் வாயிலிருந்து தம் குரல் புறப்படுவதை அவர் பார்க்க நேர்ந்தது.

ஹொலோவே வழக்கறிஞரை நாடினார். முடிவிலே வெளியிற் சொல்லப்படாத ஒரு தொகை அவருக்குக் கொடுக்கப்பட்டது. இதற்கிடையே, சிக்கலைத் தவிர்க்கும்பொருட்டு அதே கூவல்களை வேறொருவரைக்கொண்டு பாடுவித்துப் பின்வந்த பதிப்புக்களிலே சேர்த்தனர். பாடியவர் ஹெதர் ஸ்மோல். பின்னாளிலே 'எம் பீப்பிள்' என்னும் மான்செஸ்டர் குழுவின் பாடகியாகப் பெயர்பெற்ற அதே ஹெதர் ஸ்மோல்தான். ஆக, ஒரே பாட்டுக்குக் குரல் இரண்டு, முகம் மூன்றாமவருடையது.

இத்துடன் நின்றிருந்தால் அவசரத்திலே நேர்ந்த தவறென்று விட்டுவிடலாம். 1990இல் வந்த 'ட்ரீம்லாண்ட்' என்னும் நெடுந்தட்டிலும் அதுவே நிகழ்ந்தது. அதிலே பெரும்பாலான பாட்டுக்களின் முதற்குரல் மார்த்தா வொஷ் என்பவருடையது. அவரும் அமெரிக்கக் கொஸ்பெல் மரபிலே வளர்ந்தவர்; 1982இல் 'வெதர் கேள்ஸ்' என்னும் இருவர் குழுவிற் பாடி உலகப் புகழ் பெற்றவர். குரலுக்காக ஒரு தொகை கொடுத்து அவரைப் பாடவைத்தனர். தாம் பாடுவது பிற பாடகருக்குப் போட்டுக்காட்டும் மாதிரிப் பதிவென்றே தாம் எண்ணியிருந்ததாக வொஷ் பின்னர் கூறினார். தட்டு வெளிவந்தபோது பாட்டுக்களிலே அவர் குரல் இருந்தது. உறையிலே கினோலின் படம் இருந்தது. அத்தட்டின் 'எவ்ரிபொடி எவ்ரிபொடி' என்னும் பாட்டு அமெரிக்கப் பட்டியலிலே எட்டாம் இடம்வரை ஏறியது. யார் பாடியது என்று கேட்டவர்களுக்கு மீண்டும் பிழையான விடையே கிடைத்தது.

வொஷ் பருத்த உடலினர். அவர் குரலை வேண்டி உருவத்தை வேண்டாதவர்கள் இம்மூவர் மட்டுமல்லர். ஏறத்தாழ அதே காலத்திலே அமெரிக்கக் குழு ஒன்றும் அவர் குரலைப் பதித்து, ஒளிப்படத்திலே வேறொரு மெல்லிய பெண்ணை வாயசைக்கச் செய்தது. வொஷ் இரு திறத்தார் மீதும் வழக்குத் தொடுத்தார். அதே 1990 நவம்பரிலே 'மில்லி வனில்லி' என்னும் இருவர் தம் தட்டிலே தாமே பாடவில்லை என்பது வெளிப்பட்டு, அவர்களுக்கு வழங்கிய கிராமி விருது திரும்பப் பெறப்பட்டது. பொதுமக்களின் சினம் மூண்டிருந்த வேளை அது. வழக்குகள் இணக்கத்தில் முடிந்தன. அமெரிக்காவில் பிளாக் பொக்ஸ் தட்டுக்களை வெளியிட்ட ஆர்.சீ.ஏ. கம்பனி வொஷ்ஷோடு தனியே ஒப்பந்தம் செய்து, 1993இல் அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட நெடுந்தட்டை வெளியிட்டது. நடனத் தட்டுக்களிலே பாடியவர் பெயரைக் குறிக்கவேண்டும் என்னும் வழக்கம் வலுப்பெற்றதற்கு அவருடைய வழக்குகள் பெருங்காரணமாயின.

இவ்விடத்திலே அம்மூவரின் பயிற்சியை மறுபடியும் எண்ணிப் பார்க்கிறேன். தட்டுச் சுழற்றுவோர் உலகிலே ஒரு தட்டு என்பது மூலப்பொருள், தச்சனுக்கு மரம்போல. மரம் எந்தக் காட்டில் வளர்ந்ததென்று தச்சன் மேசையிலே எழுதிவைப்பதில்லை. ஜமேக்கா நாட்டு ஒலிபெருக்கிக் கூட்டத்தார், போட்டியாளர் அறியாதபடி தட்டின் பெயர்ச்சீட்டையே சுரண்டி எடுத்துவிடுவர். பெயரை மறைப்பது அத்தொழிலிலே சாமர்த்தியம், குற்றமன்று. ஆனால் செம்பிளிச்சி வந்த உலகிலோ, மாணவர் கச்சேரியிலேகூட மூன்றாம் கிளாரினெட் வாசிக்கும் சிறுவனின் பெயர் நிகழ்ச்சித் தாளிலே அச்சாகும். சுருதியும் மூச்சும் அந்த உலகிலிருந்து தட்டுக்குள் வந்தன. நிகழ்ச்சித் தாள் மட்டும் வரவில்லை. மூவரும் ஆளுக்கொரு திறமையை நடுவே வைத்தார்கள். மூவரிடமும் இல்லாத நான்காவது திறமையை விலைக்கு வாங்கும் பண்டமாகக் கருதினார்கள். அவர்களைப் பொல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. குரலுக்கு வைக்கும் முகம் விளம்பர வேலை என்றே அக்காலத் தட்டு வணிகத்திற் பலரும் எண்ணினர். ஆயினும் கிளாரினெட் ஆசிரியர் ஒருவர் நடுவே இருந்தும் அது நேர்ந்ததே என்ற மனக்குறை எனக்கு உண்டு.

ஹொலோவேயின் கதைக்கு இன்னுமொரு பகுதி இருக்கிறது. 1991இல் மார்க்கி மார்க் என்னும் அமெரிக்க இளைஞரின் குழு, அதே 'லவ் சென்சேஷன்' பாட்டிலிருந்து அதே ஹொலோவேயின் கூவல்களை எடுத்து ஒரு தட்டை ஆக்கியது. அமெரிக்கப் பட்டியலிலே அது முதலிடம் பெற்றது. இம்முறை குழுவின் பெயருக்குப் பக்கத்திலே 'லொலியாற்றா ஹொலோவேயுடன்' என்று தட்டிலே அச்சிட்டிருந்தார்கள். ஒளிப்படத்திலே அவரும் தோன்றித் தம் குரலுக்குத் தாமே வாயசைத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்துநான்கு. 2011 மார்ச் மாதத்திலே அவர் காலமானார்.